கடினமான சோதனை நாவல்களைப் படிக்கத்தான் வேண்டுமா?

யுலிசஸ், தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி, கிராவிட்டிஸ் ரெயின்போ, இன்ஃபினிட் ஜெஸ்ட் என்று பெயரைக் கேட்டாலே தயக்கம் வருகிற நாவல்கள் சில உண்டு. இவற்றோடு மல்லுக்கட்டுவதில் உண்மையிலேயே பலன் இருக்கிறதா, இல்லை படித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள மட்டும்தானா என்பது கேள்வி.

பலன் இருக்கிறது, ஆனால் எல்லாவற்றிலும் ஒரே அளவில் இல்லை. சிலவற்றை முழுதாகப் படிக்க வேண்டும். சிலவற்றில் ஐம்பது பக்கம் போதும். ஒவ்வொரு புத்தகத்திடமும் இரண்டு விஷயங்களைக் கேட்க வேண்டும்: இது எதனால் கடினம்? அந்தக் கடினத்துக்கு ஈடாக எனக்கு என்ன தருகிறது? இதைக் கேட்காமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி அணுகுவதால்தான் பெரும்பாலானோர் முதல் நூறு பக்கத்துக்குள் கழன்றுகொள்கிறார்கள்.

முதலில் ஒன்று: வடிவத்தில் சோதனை செய்த நாவல்கள் எல்லாமே வாசிக்கக் கடினமானவை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ழார்ழ் பெரெக்கின் லைஃப்: எ யூசர்ஸ் மேன்யுவல் (1978) ஒரு பாரிஸ் அடுக்குமாடிக் கட்டடத்தைப் பத்துக்குப் பத்து கட்டமாகப் பிரித்து, சதுரங்கக் குதிரையின் நகர்வில் அறை அறையாகப் போகிறது. 99 அத்தியாயங்கள். இந்தக் கணக்கு எதுவும் தெரியாமலேயே படிக்கலாம், ஏனென்றால் உள்ளே இருப்பவை தெளிவாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கணக்கான குட்டிக் கதைகள். கஷ்டம் முழுவதையும் எழுதியவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். தமிழில் சுந்தர ராமசாமியின் ஜே.ஜே: சில குறிப்புகள் (1981) கற்பனையான ஒரு மலையாள எழுத்தாளனின் வாழ்க்கைக் குறிப்பும் நாட்குறிப்புமாக எழுதப்பட்டது. வடிவம் புதிது, வாக்கியங்கள் கண்ணாடி மாதிரி. கோணங்கியின் பாழி அதற்கு நேர் எதிர். அங்கே ஒவ்வொரு வாக்கியத்தையும் நின்று பார்க்க வேண்டும். இரண்டையும் 'சோதனை நாவல்' என்ற ஒரே அடுக்கில் வைத்தால் வாசகனுக்கு ஒரு உதவியும் இல்லை.

இனி உண்மையிலேயே கடினமானவற்றுக்கு வருவோம்.

காலத்தைக் கலைத்துப் போடுவதால் வருகிற கடினம் ஒரு வகை. அதற்கு ஃபாக்னரின் தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரியைவிட (1929) நல்ல உதாரணம் கிடையாது. நான்கு பகுதிகள். முதல் பகுதியின் தேதி 1928 ஏப்ரல் 7, அடுத்தது 1910 ஜூன் 2, அடுத்து 1928 ஏப்ரல் 6, கடைசியாக ஏப்ரல் 8. முதல் பகுதி பென்ஜி என்பவனுடைய மனதில் நடக்கிறது. வயது முப்பத்து மூன்று, மனவளர்ச்சி குன்றியவன், பேச்சு வராது. இப்போது நடப்பது, முப்பது வருடம் முன்னால் நடந்தது என்ற பிரிவே அவனுக்கு இல்லை. வேலிக்குள் நுழையும்போது உடுப்பு ஆணியில் மாட்டுகிறது. அடுத்த வரியில் அவன் சிறுவன், அக்கா கேடி அதேபோல் மாட்டிக்கொண்ட உடுப்பை விடுவித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து மைதானத்தில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் மட்டை தூக்கும் பையனை 'கேடி' என்று கூப்பிட்டால், எப்போதோ வீட்டை விட்டுப் போன அக்காவுக்காக இவன் அழுகிறான். ஏன் அழுகிறான் என்று நாவல் விளக்காது.

இந்தப் பகுதியில் சொற்கள் ஒரு குழந்தைக்குத் தெரிந்த சொற்கள்தான். அகராதியால் ஒரு பயனும் இல்லை. தேவைப்படுவது காலத்தைக் கண்டுபிடிக்கும் அடையாளங்கள், அவை புத்தகத்துக்குள்ளேயே இருக்கின்றன. பென்ஜியைப் பார்த்துக்கொள்ளும் ஆள் யார் என்று கவனியுங்கள். வெர்ஷ் இருந்தால் குழந்தைப் பருவம், டி.பி. இருந்தால் இடைப்பட்ட ஆண்டுகள், லஸ்டர் இருந்தால் 1928. எழுத்து சாய்வாக மாறினால் பெரும்பாலும் காலமும் மாறுகிறது என்று பொருள். அடுத்த கண்ணி பெயர்கள். க்வென்டின் இரண்டு பேர்: ஒருவன் கேடியின் அண்ணன், இன்னொருத்தி கேடியின் மகள். ஜேசன் என்று அப்பாவும் இருக்கிறார், மகனும் இருக்கிறான். பென்ஜிக்கே முதலில் வைத்த பெயர் மாரி, அது அவன் மாமாவின் பெயர். இந்த மூன்று வரியை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகிவைத்தால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். ஃபாக்னர் ஒவ்வொரு காலத்தையும் ஒவ்வொரு நிற மையில் அச்சிட ஆசைப்பட்டார், அன்றைக்கு அது நடக்கவில்லை. 2012இல் ஃபோலியோ சொசைட்டி பதினான்கு நிறங்களில் அப்படி ஒரு பதிப்பைக் கொண்டுவந்தது.

இந்த உழைப்புக்கு என்ன கிடைக்கிறது? நான்காம் பகுதி சாதாரணமான படர்க்கையில், நேர்கோட்டில் எழுதப்பட்டது. அங்கே வந்து சேரும்போது அந்தக் குடும்பம் எதை இழந்தது என்று யாரும் நமக்குச் சொல்லத் தேவையில்லை. பென்ஜியின் குழப்பத்துக்குள் நாமும் அலைந்திருப்பதால் அந்த இழப்பு நமக்குள்ளேயே சேர்ந்திருக்கும். இதே கதையைத் தேதி வரிசையில் சொல்லியிருந்தால் நொடித்துப்போன இன்னொரு பணக்காரக் குடும்பத்தின் கதையாக முடிந்திருக்கும். இங்கே கடினம் தன் கூலிக்கு வேலை செய்கிறது. என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலில் யாருக்கும் தயங்காமல் சிபாரிசு செய்யக்கூடியது இதுதான். அளவும் சிறியது, முந்நூறு பக்கத்துக்குச் சற்று முன்பின்.

ஜேம்ஸ் ஜாய்ஸின் யுலிசஸ் வேறு விதமான கடினம். 1922 பிப்ரவரி 2, ஜாய்ஸின் நாற்பதாவது பிறந்தநாளில், பாரிஸில் சில்வியா பீச்சின் ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி வெளியிட்டது. முதல் பதிப்பு 1000 பிரதி. 1904 ஜூன் 16 என்ற ஒரே நாள், டப்ளின் என்ற ஒரே ஊர், 18 அத்தியாயங்கள். கதையில் குழப்பம் ஒன்றுமில்லை. லியோபோல்ட் ப்ளூம் என்ற விளம்பர முகவர் காலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறார், ஒரு சாவுக்குப் போகிறார், ஊரைச் சுற்றுகிறார், மனைவி இன்னொருவனைச் சந்திக்கப்போகிறாள் என்று தெரிந்தே வீட்டுக்குத் திரும்பாமல் இருக்கிறார், நள்ளிரவு தாண்டி வருகிறார். கஷ்டம் இரண்டு இடத்தில் இருக்கிறது: வேறு நூல்களையும் விஷயங்களையும் விளக்காமல் சுட்டிப் போகும் ஏராளமான இடங்கள், அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறும் நடை. ஏழாவது அத்தியாயம் செய்தித்தாள் தலைப்புகளால் துண்டாடப்பட்டது, பதினைந்தாவது நாடகம், பதினேழாவது கேள்வி பதில், பதினெட்டாவது நிறுத்தக்குறி ஏறக்குறைய இல்லாத எட்டு நீண்ட வாக்கியங்கள்.

யுலிசஸைக் கைவிடுகிறவர்கள் பலர் கைவிடும் இடம் மூன்றாவது அத்தியாயம். நாவலின் இன்னொரு முக்கியப் பாத்திரமான இளைஞன் ஸ்டீபன் டெடலஸ் கடற்கரையில் நடந்துகொண்டே தத்துவமும் இறையியலும் நாலைந்து மொழிகளும் கலந்து யோசிக்கிறான். கதை ஒரு அடி நகராது. இதற்கு எளிய வழி உண்டு. நான்காவது அத்தியாயம் மறுபடியும் அதே நாளின் காலை எட்டு மணியிலிருந்துதான் தொடங்குகிறது. முதல் மூன்றும் அடுத்த மூன்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடப்பவை. ஆகவே 4, 5, 6 முதலில், பிறகு 1, 2, 3, பிறகு 7 முதல் வரிசையாக என்று படித்தால் பெரிதாக எதையும் இழக்க மாட்டீர்கள். ப்ளூமின் மனம் சாப்பாடு, பூனை, கணக்கு, ஊர்வம்பு என்று தரையில் நடமாடும் மனம். அந்த நனவோடை, அதாவது மனதில் ஓடுவதை ஓடுகிறபடியே எழுதும் நடை, பழகியபிறகு ஸ்டீபனுடையது அவ்வளவு மிரட்டாது. ஜாய்ஸ் வைத்த வரிசை புனிதமானது என்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். மூன்றாவது அத்தியாயத்தில் மூடிவைத்த புத்தகத்தைவிட வரிசை மாற்றி முடித்த புத்தகம் மேல்.

அடுத்த தவறு, உரைநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்ப்பது. யுலிசஸுக்கான குறிப்புரைகள் மூலத்துக்கு ஈடான தடிமனில் கிடைக்கின்றன. ஒரு வரி, ஒரு குறிப்பு என்று போனால் வாக்கியத்தின் ஓசை செத்துவிடும்; ஜாய்ஸிடம் ஓசை போனால் பாதி போயிற்று. ஒரு அத்தியாயம் தொடங்குமுன் அதைப் பற்றிய ஒரு பக்கச் சுருக்கத்தைப் படியுங்கள்: யார், எங்கே, எத்தனை மணி, என்ன நடை. கதை முன்னாலேயே தெரிந்துவிடுமே என்று கவலைப்பட வேண்டாம், திடீர்த் திருப்பங்களை நம்பி எழுதிய நாவல் இல்லை இது. பிறகு குறிப்புரைக்காக நிற்காமல் அத்தியாயத்தைப் படியுங்கள். புரியாத இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போடுங்கள். முடித்தபிறகு, கோடு போட்டவற்றில் இன்னும் உறுத்துகிற நாலைந்தை மட்டும் குறிப்புரையில் பாருங்கள். மீதி கோடுகளுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது என்று அப்போது தெரியும்.

காதால் கேட்பதும் பெரிய உதவி. அயர்லாந்து வானொலியான ஆர்டிஇ 1982இல், ஜாய்ஸ் நூற்றாண்டையொட்டி, முழு நாவலையும் நடிகர்களை வைத்து ஏறக்குறைய முப்பது மணி நேரம் இடைவிடாமல் ஒலிபரப்பியது. அந்தப் பதிவைக் கேட்டபடி புத்தகத்தில் கண்ணை ஓட்டினால், எது பேச்சு, எது யோசனை, எது கதைசொல்லியின் குரல் என்ற சிக்கல் பெரும்பாலும் அவிழ்ந்துவிடும்.

பதினான்காவது அத்தியாயம் பற்றி ஒரு வார்த்தை. பிரசவ மருத்துவமனையில் நடப்பது. கரு வளர்வதற்கு இணையாக, ஆங்கில உரைநடையின் வரலாற்றைப் பழங்காலத்திலிருந்து நகல் செய்தபடியே நகரும். நகல் எடுக்கப்பட்ட ஆசிரியர்களை முன்பே படித்திராதவருக்கு அந்த வேடிக்கை போய்ச் சேராது. முழு நாவலிலும் போட்ட உழைப்புக்கு மிகக் குறைவாகத் திரும்பக் கிடைக்கும் இடம் இதுதான் என்பேன். பத்துப் பக்கம் பார்த்துவிட்டுத் தாண்டலாம். பதினேழாவதைத் தாண்டாதீர்கள். உணர்ச்சியே இல்லாத அந்தக் கேள்வி பதில் நடையில்தான் ப்ளூமின் தனிமை மிக அப்பட்டமாகத் தெரிகிறது.

நேரக் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடலாம். யுலிசஸ் ஏறக்குறைய இரண்டே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவான சொற்கள். சாதாரண நாவலின் வேகத்தில் பாதிதான் வரும், ஆகவே 35 முதல் 40 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் நல்ல சாதாரண நாவல்கள் ஐந்தாறு படித்துவிடலாம். இது சின்ன விலை இல்லை. கொடுக்க முடியாத வருடத்தில் கொடுக்காமல் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொடுப்பதாக இருந்தால் தினமும் பத்துப் பக்கம், இரண்டரை மாதம். வார விடுமுறையில் நூறு பக்கம், பிறகு பத்து நாள் இடைவெளி என்கிற முறை இந்த வகை நூல்களுக்கு ஒத்துவராது. ப்ளூமின் பையில் இருக்கும் உருளைக்கிழங்கு, ஒரு குதிரையின் பெயர் போன்ற சின்னச் சின்ன விஷயங்கள் நூறு பக்கம் தாண்டித் திரும்பி வரும்போது நமக்கு நினைவில் இருக்காது.

டேவிட் ஃபாஸ்டர் வாலஸின் இன்ஃபினிட் ஜெஸ்ட் (1996) 1079 பக்கம், அதில் 388 பின்குறிப்புகள். இதில் நடக்கும் தவறு ஒன்றே ஒன்று: பின்குறிப்புகளை விருப்பப் பகுதி என்று நினைத்து விட்டுவிடுவது. சில குறிப்புகள் பல பக்க நீளம், கதையின் முக்கியமான துண்டுகள் அங்கேதான் இருக்கின்றன. பக்கத்தை அடையாளம் வைக்க இரண்டு அட்டைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று கதைக்கு, ஒன்று பின்குறிப்புக்கு. மூன்றாவதாக 223ஆம் பக்கத்தில் ஒன்று. அந்த நாவலில் ஆண்டுகளுக்கு எண் கிடையாது, நிறுவனங்கள் ஏலத்தில் எடுத்த விளம்பரப் பெயர்கள்தான். அவற்றின் வரிசை அந்தப் பக்கத்தில்தான் வருகிறது. முதல் அத்தியாயம் காலக்கணக்கில் கடைசி, ஆகவே முடித்த கையோடு முதல் பதினைந்து பக்கத்தை மறுபடி படிக்க வேண்டும். வாக்கியங்கள் நீளமே தவிர இருட்டு இல்லை. சுமை அளவில்தான். போதை மறுவாழ்வு இல்லத்தில் நடக்கும் பகுதிகளுக்காக மட்டுமே கூடப் படிக்கலாம். கனடியப் பிரிவினைவாத அரசியல் பேசும் இடங்கள் இழுவை என்றால் அது உங்கள் குறை இல்லை.

பிஞ்சனின் கிராவிட்டிஸ் ரெயின்போ (1973) மீது பெரியவர்களே சண்டை போட்டிருக்கிறார்கள். 1974 புலிட்சர் பரிசுக்கு நடுவர் மூவரும் ஒருமனதாக அதைச் சிபாரிசு செய்தார்கள். பரிசுக் குழு, வாசிக்கவே முடியாதது, ஆபாசம் என்றெல்லாம் சொல்லி மறுத்தது. அந்த வருடம் புனைவுக்குப் பரிசே இல்லை. இரண்டு தரப்பும் ஏன் அப்படிச் சொன்னது என்று முதல் நூறு பக்கத்திலேயே விளங்கிவிடும். நான்கு பாகம், 73 பகுதிகள், நானூறுக்கும் மேல் பாத்திரங்கள். முதல் பாகத்தில் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், யார் முக்கியம் என்று தெரியாது. எல்லாரையும் நினைவில் வைக்க முயல்வதுதான் அங்கே செய்யும் தவறு. ஸ்லோத்ராப் என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாகம் சிறியது, பெரும்பாலும் அவனையே பின்தொடர்வது. அங்கே மூச்சு வாங்கலாம். அங்கேயும் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், மூன்றாம் பாகம் அதைவிடப் பல மடங்கு பெரியது.

யார் பேசுகிறார் என்று சொல்லாமல் விடுவது இன்னொரு வகை. காடிஸின் ஜே ஆர் (1975) எழுநூறு பக்கத்துக்கு மேல் ஏறக்குறைய வெறும் உரையாடல், 'என்றான்', 'என்றாள்' கிடையாது. பார்க்க மலைப்பாக இருக்கும், ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு பேச்சுத் தடுமாற்றம், ஒரு செல்லச் சொல் உண்டு. இருபது முப்பது பக்கம் வாய்விட்டுப் படித்தால் காது பழகிவிடும். பதினோரு வயதுப் பையன் தொலைபேசியிலேயே ஒரு நிதி சாம்ராஜ்யம் கட்டுகிற கதை, சிரிப்பும் உண்டு. பெக்கெட்டின் மொலாயில் (1951) இரண்டாவது பத்தி எண்பது பக்கத்துக்கு மேல் ஓடும். இதைத் தினம் பத்துப் பக்கம் என்று பிரிக்கக்கூடாது, நிறுத்த இடமே இருக்காது. ஒரே இருப்பில் முடிந்தவரை போக வேண்டும்.

நபக்கோவின் பேல் ஃபயர் (1962) முன்னுரை, 999 வரிக் கவிதை, உரை, பெயரகராதி என்ற வடிவில் இருக்கிறது. முன்னுரை எழுதும் ஆசாமி, முதலில் என் உரையைப் படி, முடிந்தால் இரண்டு பிரதி வாங்கு என்பான். அவனை நம்பாதீர்கள். கவிதையை முதலில் முழுதாகப் படித்துவிட்டு உரைக்குப் போனால்தான் அவன் கவிதைக்குச் செய்கிற அநியாயம் தெரியும், நாவலின் இன்பமே அதுதான். கோர்த்தஸாரின் ஹாப்ஸ்காட்ச் (1963) 155 அத்தியாயங்களுக்கு இரண்டு வாசிப்பு வழி தருகிறது. 1 முதல் 56 வரை நேராகப் போய் நிறுத்திவிடுவது ஒன்று, 73இல் தொடங்கித் தாவித் தாவிப் போவது மற்றொன்று. முதல் வழியில் போய்ப் பாருங்கள். பிடித்திருந்தால் மட்டும் இரண்டாவது. அது கடைசியில் இரண்டு அத்தியாயங்களுக்கிடையே சுற்றிக்கொண்டே இருக்கும், முடிவு கிடையாது.

ஆங்கிலம் கற்றுக்கொண்ட மொழியாக இருப்பவர்கள் மொழியின் கடினத்தையும் நாவலின் கடினத்தையும் ஒன்றாகச் சுமக்கிறார்கள். இவர்கள் யுலிசஸிலிருந்து தொடங்கக்கூடாது. ஹுவான் ருல்ஃபோவின் பெத்ரோ பராமோவில் (1955) தொடங்கலாம். நூற்று முப்பது பக்கம்கூட இருக்காது, எளிய சொற்கள், ஆனால் துண்டுதுண்டாகப் போகும், பேசுகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே பாதிவரை தெரியாது. ஒரே நாளில் இரண்டு முறை படிக்க முடிகிற சோதனை நாவல் அது. அடுத்து வர்ஜீனியா வூல்ஃபின் மிஸஸ் டாலோவே (1925). ஒரே பத்திக்குள் ஒருவர் மனதிலிருந்து இன்னொருவர் மனதுக்குத் தாவுவதைப் பழக அதைவிட இதமான இடம் இல்லை. பிறகு ஃபாக்னர், அதன்பிறகு யுலிசஸ். இந்த வரிசையில் வருகிறவர்கள் யுலிசஸை முடிக்க வாய்ப்பு அதிகம். நேராக அதில் குதிக்கிறவர்களுக்கு அது குறைவு.

எப்போது விடுவது? ஐம்பது அறுபது பக்கம் படித்தபின் புரியாத ஒரு பக்கத்தை எடுத்து நிதானமாக இரண்டாம் முறை படியுங்கள். முதல் முறை தெரியாத ஏதாவது தெரிந்தால், ஒரு நகைச்சுவையோ ஒரு உறவோ ஒரு பயமோ, புத்தகம் உங்களோடு பேசுகிறது, தொடருங்கள். சிக்கலை அவிழ்த்தபின் அங்கே இருப்பது ஒரு சாதாரண வாக்கியத்தில் சொல்லியிருக்கக்கூடிய விஷயம்தான் என்றால், அடுத்த பக்கத்திலும் அப்படியே என்றால், மூடிவைக்கலாம். புகழ்பெற்ற பெயர் அட்டையில் இருப்பதற்காக அந்தத் தீர்ப்பை மாற்ற வேண்டாம். நல்ல எழுத்து என்றால் தெளிவாகத்தானே இருக்க வேண்டும் என்ற வாதத்தையும் இந்தச் சோதனையை வைத்தே தீர்க்கலாம். பென்ஜியின் ஒரு பக்கத்தைத் தெளிவாக்கி எழுதிப் பாருங்கள், அங்கே பென்ஜி இருக்க மாட்டான்.

கடைசியாக ஃபின்னெகன்ஸ் வேக் (1939). ஜாய்ஸ் பதினேழு வருடம் எழுதியது, 628 பக்கம், பல மொழிச் சொற்களை உடைத்து ஒட்டிய மொழி, கடைசி வாக்கியம் பாதியில் நின்று முதல் வாக்கியத்தில் போய்ச் சேரும். கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலிஸின் வெனிஸ் பகுதியில் ஒரு வாசகர் வட்டம் 1995இல் தொடங்கி, மாதம் ஓரிரு பக்கம் என்று படித்து, 2023இல் முடித்தது. தனியாக உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிக்க இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். முதல் பாகத்தின் எட்டாவது அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆற்றின் இரு கரையில் துணி துவைக்கும் இரண்டு பெண்கள் வம்பு பேசுவது. நூற்றுக்கணக்கான ஆறுகளின் பெயர்கள் அந்தப் பேச்சுக்குள் ஒளிந்திருக்கின்றன. அதன் கடைசிப் பக்கங்களை ஜாய்ஸே 1929இல் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். எட்டு நிமிடம் சொச்சம். அதைக் கேளுங்கள், அதே பக்கங்களை ஒருமுறை நீங்களும் சத்தமாகப் படியுங்கள். அதற்குமேல் வேண்டும் என்று தோன்றினால் ஒரு வாசகர் வட்டத்தைத் தேடுங்கள். தோன்றவில்லை என்றால் அந்த எட்டு நிமிடமே போதும்.